பாலமீன்மடுத் தண்ணீரும் ஒரு கிளாஸும்

முகத்துவாரத்தான்:
மாரியில் கடல் இருளுவது வெறும் சேறு, சேறு படிந்தால் வெளிச்சம் பழையபடி இறங்கும் என்று நேற்று இங்கே ஒருவர் எழுத, அதற்கும் லைக் போட ஆட்கள். ஆற்றுவாயை அடைத்து நிற்கும் மணல்திட்டை வெட்டின மறுநாள், மட்டக்களப்பு வாவி கடலில் விழும் பாலமீன்மடுவில் தண்ணீர் அள்ளி ராவைக்கு வைத்துப் பாருங்கள். சேறு அடியில் இறங்கிவிடும், மேலே நிற்பது அப்போதும் வெளிறின தேத்தண்ணி நிறம்தான். கண்டல் இலை, வைக்கோல், காட்டுச் சருகு எல்லாம் ஊறிக் கரைந்த சாறு அது. படியாது, வடிதாளிலும் நிற்காது.

கல்முனைக் காக்கா:
அந்த ஒருவர் நான்தான், பேரைச் சொல்லியே ஏசலாம். நானும் ஒரு கிளாஸில் அள்ளி வைத்தேன். சேறு படிந்தது, மேலே நிறமில்லாத வெறும் தண்ணீர். நிறம் எங்கே தம்பி?

முகத்துவாரத்தான்:
கிளாஸ் எத்தனை அங்குலம்? நாலு அங்குலத்தில் கண்ணுக்குத் தெரியாத சாயம் முப்பது அடி ஆழத்தில் தெரியும். சுத்தமான கடலில் முதலில் சாகிறது சிவப்பு, நீலம்தான் ஆழத்துக்குப் போகும். இந்தச் சாறு அந்த நீலத்தையும் புற ஊதாவையும் விழுங்கிவிடும். மிதக்கிற நுண்பாசிக்கு வேண்டியதும் அதே நீலம். கடற்புல்லுக்கு மேலே விழும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காவது அடியில் கிடைக்க வேண்டும். ஜெர்மன்காரர்கள் இந்தச் சாற்றுக்கு 'மஞ்சள் பொருள்' என்று பேர் வைத்தே எத்தனையோ காலம், கல்முனைக்குத்தான் இன்னும் செய்தி வரவில்லை.

பாசிக்குடாச் சுழியோடி:
1942-இல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கின பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஹெர்மிஸ் கிடப்பது 50 மீட்டருக்கும் கீழே. மாரியில் அதற்கு நாங்கள் இறங்காதது கடல் கொந்தளிப்பால், சாற்றால் இல்லை. கரையில் நின்று கதைப்பவர்களுக்கு இது விளங்காது.

முகத்துவாரத்தான்:
ஹெர்மிஸைப் பற்றி யார் கேட்டது? நான் சொல்வது முகத்துவாரத்துத் தண்ணீரை. எதைப் பேசினாலும் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள்.

கல்முனைக் காக்கா:
சரி, புற ஊதாவை விழுங்கினால் முருகைக்கல்லுக்கு (பவளப்பாறைக்கு) நல்லதுதானே? வெயிலில் அந்தச் சாறு வெளுத்துவிடும் என்று போன மாதம் நீங்களே எழுதினீர்கள். மறுகா என்ன பயம்? எப்படியும் என் கிளாஸில் நிறம் இல்லை.

வாவிமகள்:
ரெண்டு பேரும் கிளாஸை விடுங்கள். 1865-இல் செக்கி என்ற பாதிரியார் செய்த மாதிரி ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள், மறைகிற ஆழத்தை எழுதுங்கள். ஆனால் சேற்றால் மறைந்ததா சாற்றால் மறைந்ததா என்று தட்டு சொல்லாது. ஆற்றுவாயில் ரெண்டும் சேர்ந்துதான் வரும். அப்புறம் முகத்துவாரத்தான் அண்ணன், போன வருஷம் என்னிடம் வாங்கிப் போன தட்டு எங்கே?

முகத்துவாரத்தான்:
தட்டுக் கதை பிறகு. காக்கா சொல்வது பிழை என்று முதலில் நீங்கள் ஒரு வரி எழுதுங்கள். வயலில் வெள்ளம் ஏறினதும் ஆற்றுவாயை வெட்டு வெட்டு என்று நிற்பதே இவரைப் போன்ற வயல்காரர்கள், பிறகு கடலுக்கு ஒன்றும் ஆகாது என்று கிளாஸைக் காட்டுகிறார்கள்.

கல்முனைக் காக்கா:
வெட்டாவிட்டால் உங்கள் வீட்டுக்குள்ளேயும்தான் வெள்ளம் வரும். கிளாஸ் மூன்று நாளாக என் வீட்டு ஜன்னலில் இருக்கிறது, வந்து பாருங்கள்.

முகத்துவாரத்தான்:
ஜன்னலிலா? மூன்று நாள் வெயிலிலா?! வெளுத்துத்தானே போயிருக்கும் காக்கா!

கல்முனைக் காக்கா:
ஜன்னல் வடக்குப் பார்த்தது. வெயிலே விழாது.

முகத்துவாரத்தான்:
படம் போடுங்கள் பார்ப்போம், கிளாஸும் ஜன்னலும் சேர்த்து.

கல்முனைக் காக்கா:
முதலில் நீங்கள் உங்கள் தேத்தண்ணியைப் போடுங்கள்.

வாவிமகள்:
என் தட்டு?