2 * பாகை கம்பைல் ஆகவில்லை: நூலகத்தைத் திருத்துவதா, 2.0 என்று எழுதுவதா?

உப்புவெளியான்:
கொட்டியாரக் குடாப் படகுகளின் ஜிபிஎஸ் புள்ளிகளை வரையும் நம் சி++ நிரலில், வெளியார் எழுதிய டெம்ப்ளேட் (எண் வகையைப் பின்னால் நிரப்பிக்கொள்ளும் அச்சு) நூலகம் ஒன்று இருக்கிறது. பாகை அதிலுள்ள வகுப்பு. பாகை<டபிள்> மாறியை 2.0 ஆல் பெருக்கினால் சரி. வெறும் 2 போட்டால், ஒரே டெம்ப்ளேட் வகை ஓரிடத்தில் இன்ட் (முழு எண்), இன்னோரிடத்தில் டபிள் (தசம எண்) என்று ஜிசிசி கம்பைலர் முரண்டு பிடிக்கிறது. 2.0 என்றே எழுதிவிடலாம் என்கிறேன். நூலகத்தில் கை வைத்தால் ஒவ்வொரு புதிய பதிப்பிலும் திரும்பத் திருத்த வேண்டும்.

நிலாவெளி நிரலர்:
இல்லை அண்ணா, கோளாறு நூலகத்தில் அந்தப் பெருக்கல் ஆபரேட்டரை டெம்ப்ளேட்டாக எழுதிய விதத்தில்தான். டெம்ப்ளேட் வகையைக் கணிக்கும்போது கம்பைலர் இன்டை டபிளாக மாற்றிப் பார்க்காது. அதையே பாகை வகுப்புக்குள் ஃபிரெண்டாக (வகுப்போடு சேர்த்து அறிவிக்கும் ஃபங்ஷனாக) எழுதினால், பாகை<டபிள்> உருவாகும்போது டெம்ப்ளேட் அல்லாத சாதாரண ஃபங்ஷன் ஒன்றும் கூடவே வந்துவிடும். அங்கே 2 தானாக 2.0 ஆகும்.

மூதூர்க்காரி:
நூலகத்தைத் தொடாமல், நம் நேம்ஸ்பேஸில் (பெயர்களுக்கான நம் தனிப் பகுதியில்) இன்டுக்கு மட்டும் ஓர் ஓவர்லோட், அதாவது அதே ஆபரேட்டரின் இன்னொரு வடிவம், எழுதினால்?

நிலாவெளி நிரலர்:
நம் கோப்பில் ஓடும். ஸ்டாண்டர்ட் நூலகத்தின் மல்டிப்ளைஸ் என்ற பெருக்கும் கருவி வழியாக அழைத்தால் அகப்படாது, ஏனென்றால் அங்கிருந்து கம்பைலர் பாகையின் நேம்ஸ்பேஸில் தேடுமே தவிர நம்முடையதில் தேடாது. பாகை<இன்ட்> வந்தால் நூலகத்தினதும் நம்முடையதும் இரண்டும் பொருந்தி, எதை எடுப்பது என்று தெரியாமல் நின்றுவிடும்.

உப்புவெளியான்:
ஸ்டாண்டர்ட் நூலகத்தின் காம்ப்ளெக்ஸ்<டபிள்> ஐ 2 ஆல் பெருக்கினாலும் இதே பிழைதான். அந்தக் கண்டிப்பால் நன்மையும் உண்டு தம்பி. படகுப் புள்ளிகளுக்கான சிறு திருத்தங்களை பாகை<ஃபுளோட்> ஆக வைத்திருக்கிறோம்; ஃபுளோட் என்பது டபிளைவிடத் துல்லியம் குறைந்த தசம எண். அதோடு டபிளில் உள்ள 81.2 சொச்ச நெட்டாங்கை (தீர்க்கரேகையை) கூட்டினால் இப்போது கம்பைலர் மறுக்கும். கூட்டலும் ஃபிரெண்டானால் நெட்டாங்கைச் சத்தமில்லாமல் ஃபுளோட்டாகச் சுருக்கிவிடும். அந்த அளவில் ஃபுளோட்டின் அடுத்தடுத்த மதிப்புகளுக்கு இடையே 0.0000076 பாகை, திருகோணமலையில் ஏறக்குறைய 84 சென்ரிமீற்றர். நங்கூரமிட்ட படகு மெல்ல அசைவது வரைபடத்தில் படிப்படியாகத் தாவும்.

நிலாவெளி நிரலர்:
ஜிபிஎஸ்ஸே சில மீற்றர் பிசகுமே! அப்புறம், ஃபுளோட் சுருக்கத்துக்கு ஜிசிசியில் எச்சரிக்கை இருக்கிறது. அதைப் பிழையாக்கினால் நெட்டாங்கு பிடிபடும், 2 தடையில்லாமல் போகும். திருத்தத்தை நூலகத்தின் ஆசிரியருக்கே அனுப்பினால், பதிப்புக்குப் பதிப்பு செய்யும் வேலையும் இல்லை.

உப்புவெளியான்:
ஜிபிஎஸ் பிசகு நம் கையில் இல்லை, இது இருக்கிறது. அந்த எச்சரிக்கை எல்லோருடைய பில்டிலும் இருக்கும் என்று யார் பொறுப்பேற்பது? பெருக்கலை மட்டும் ஃபிரெண்டாக்கி அனுப்புங்கள், கூட்டலைத் தொடவேண்டாம். அவர்கள் ஏற்கும்வரை என் கோப்புகளில் 2.0 தான்.