ஷூவுக்குப் பணம் வருகிறது, பயிற்சியாளர் சம்பளத்துக்கு வரமாட்டேன் என்கிறது

மலையோரம்:
வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் 12 பேர், 13 முதல் 16 வயது. நான்கு நாள் மலைக்குக் கூட்டிப் போகத் திட்டம். நடை, ஒரு நாள் பாறையேற்றம், மூன்று ராத்திரி டென்ட். தெரிந்தவர்களிடம் கேட்டால் ஷூ வாங்கித் தருகிறேன், டென்ட் தருகிறேன் என்று தாராளமாக வருகிறார்கள். ஆனால் செலவில் பாதிக்கு மேல் பயிற்சியாளர் சம்பளம், வண்டி, காப்பீடு. அதைச் சொன்னதும் "நல்ல காரியத்துக்குக்கூடவா சம்பளம் வாங்குவார்கள்?" என்று முகம் மாறிவிடுகிறது. இதற்கு யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?

கயிறும்முடிச்சும்:
நான் சம்பளம் வாங்குகிற பயிற்சியாளர்தான், அதனால் கொஞ்சம் சுயநலமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தச் செலவை 12-ஆல் வகுத்து "ஒரு பிள்ளை நான்கு நாள் பத்திரமாகப் போய்வர இவ்வளவு" என்று ஒரே தொகையாகக் கேளுங்கள், விவரப் பட்டியலைக் கீழேயே போட்டுவிடுங்கள், மறைக்க வேண்டாம். பாறையில் பிள்ளையின் கயிற்றைப் பிடிப்பவர் தேர்ந்தவராக இருக்க வேண்டும் என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

இன்னொன்று. பழைய கயிறு, ஹார்னெஸ் (கயிற்றோடு இணைக்க இடுப்பில் கட்டும் பட்டை), ஹெல்மெட் இலவசமாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். எங்கே விழுந்தது, எந்த ரசாயனம் பட்டது என்று வெளியே தெரியாது. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் உபயோகிக்காமலே வைத்திருந்தாலும் நைலான் சாமான்களுக்கு 10 வருடம்தான் உச்சவரம்பு என்கிறார்கள். வாடகைக்கு எடுங்கள். ஸ்லீப்பிங் பேக், மழைக்கோட்டு, முதுகுப்பை தந்தால் சந்தோஷமாக வாங்கி அடுத்த குழுவுக்கும் வைத்துக்கொள்ளலாம். ஷூவும் அப்படித்தான், இந்த வயதில் கால் வளர்ந்துகொண்டே இருக்கும்.

பழையகப்பல்:
யாரிடம் என்பதற்கு ஒரு பழைய கதை. இளைஞர்களுக்கு மலையிலும் கடலிலும் சாகசப் பயிற்சி தரும் அவுட்வர்ட் பவுண்ட் அமைப்பின் முதல் பள்ளி 1941-ல் வேல்ஸில் அபர்டோவியில் தொடங்கியது. கல்வியாளர் கர்ட் ஹானின் யோசனை, பணம் லாரன்ஸ் ஹோல்ட்டுடையது. ஹோல்ட் கப்பல் நிறுவனக்காரர். போரில் கப்பல் மூழ்கும்போது இளம் மாலுமிகள் தாக்குப்பிடிக்காமல் போகிறார்களே என்பது அவருடைய கவலை. அதாவது தனக்கே ஒரு தேவை இருந்தவரிடமிருந்து பணம் வந்தது. நீங்களும் இரக்கப்படுபவரைவிட, மலையால் பிழைப்பவர்களையும் மலை மேல் பைத்தியமாக இருப்பவர்களையும் முதலில் பாருங்கள். அமெரிக்காவில், வசதியில்லாத நகரத்துப் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப் போகும் பிக் சிட்டி மவுண்டனியர்ஸ் அமைப்புக்காக மலையேறுபவர்கள் தாங்கள் ஏறப்போகும் சிகரத்தைச் சொல்லி நண்பர்களிடம் நிதி திரட்டியிருக்கிறார்கள். அரசுப் பணமும் நடக்காத காரியம் இல்லை, நியூ மெக்சிகோ மாநிலம் 2019-ல் இதற்கென்றே ஒரு நிதியைச் சட்டம் போட்டு உருவாக்கியது.

மூன்றாம்வரிசை:
எல்லாம் சரி, ஆனால் நிதிக் கடிதத்தில் பிள்ளைகளின் படம் போடும் முன் யோசியுங்கள். இதுபோன்ற ஒரு பயணத்தில் நான் 14 வயதில் போனேன், அற்புதமான நாட்கள். ஒரு வருடம் கழித்து என் படம் ஒரு சுவரொட்டியில், "வறுமையின் பிடியில்" என்ற தலைப்போடு. அது நான் உச்சியில் நின்று சிரித்த படம்! பள்ளியில் இரண்டு வாரம் தலை நிமிரவில்லை.

அப்புறம் பட்டியலில் விட்டுப்போவது: நான்கு நாள் பகுதிநேர வேலைக்குப் போகாததால் வீட்டுக்கு வராத வருமானம், தம்பி தங்கையை யார் பார்ப்பது, மாற்று உடுப்பு, பெண் பிள்ளைகளுக்கு நாப்கின். இதற்காகவே சில பிள்ளைகள் "எனக்கு மலை பிடிக்காது" என்று சொல்லி விலகிவிடுவார்கள்.

மலையோரம்:
சுவரொட்டி விஷயம் உறுத்துகிறது, நாங்களும் படம்தான் போட இருந்தோம். நிறுத்திவிட்டேன். ஒரே தொகையாகக் கேட்டு, அதில் வீட்டு வருமான இழப்பையும் சேர்க்கிறோம். 12 பேரை 6 ஆக்கி, அதே பிள்ளைகளை வருடத்தில் இரண்டு தடவை கூட்டிப் போகலாமா என்றும் ஒரு பேச்சு.

கயிறும்முடிச்சும்:
6 பேர், இரண்டு தடவை. முதல் தடவை பயம் தெளியவே இரண்டு நாள் போய்விடும்.