நடுக்கடலில் படகு இஞ்சின் பிளக்கில் கரண்ட் வராமல் போன அனுபவம் யாருக்காவது உண்டா?

உவரிக்காரன்:
வலையை இழுத்துப் போட்டுவிட்டுக் கயிற்றை இழுத்தால் இஞ்சின் பிடிக்கவில்லை. பெட்ரோலில் எடுத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற ரகம்தான். மேற்கே கூடங்குளத்து விளக்கு மட்டும் தெரிகிறது. பெட்ரோல் வருகிறது. ரெண்டு பிளக்கையும் கழற்றி இஞ்சின் மேல் வைத்து இழுத்தால் கரண்டே இல்லை. நாற்பது இழுப்பாவது இருக்கும், தோள் கழன்றுவிட்டது. மச்சான் ஒன்றும் பேசாமல், ஸ்டாப் சுவிட்சிலிருந்து சிடிஐ-க்கு (பிளக்குக்குக் கரண்ட் அனுப்பும் பெட்டி) போகும் ஒயரைப் பிரித்துவிட்டு, "இப்ப இழுங்க அத்தான்" என்றான். இழுத்தேன். இருட்டில் பிளக் நுனியில் நீலமாக ஒரு பொட்டு, 'டிக்' என்று சத்தம். அந்தப் பொட்டு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அந்த சுவிட்சுக்குக் கரண்டைக் கெடுக்க மட்டும்தான் தெரியும். அதில் மாட்டியிருக்கும் சிவப்புக் கிளிப்பை உருவினால் சிடிஐ-யின் கரண்டை எர்த்துக்கு இறக்கிவிடும். உள்ளே உப்பு பூத்து, கிளிப் மாட்டியிருக்கும்போதே அந்த வேலையைச் செய்திருக்கிறது.

கூத்தங்குழி பழைய ஆள்:
கிளிப் நழுவியிருக்கும் தம்பி, இருட்டில் கவனித்திருக்க மாட்டீர்கள். உப்பில் அவ்வளவு கரண்ட் போகும் என்று நான் நம்பவில்லை.

எங்கள் காலத்து இஞ்சினில் சிடிஐ கிடையாது, பாயிண்டும் (தொட்டுத் தொட்டு விலகும் ரெண்டு உலோக முனை) கண்டென்சரும்தான். பேட்டரி வேண்டாம், மேக்னெட் சுற்றினால் காயிலில் கரண்ட் பிறக்கும், பாயிண்ட் விலகுகிற நொடியில் பிளக்கில் அடிக்கும். ஒருநாள் பாயிண்டில் ஈரம் என்று சித்தப்பா தலையில் கட்டியிருந்த துண்டாலேயே துடைத்தார். தலை நிறைய தேங்காய் எண்ணெய்! எண்ணெய்ப் பசை பட்ட பாயிண்டில் கரண்ட் எங்கே போகும்? கடைசியில் காலண்டர் தாளைக் கிழித்து, பெட்ரோலில் நனைத்து, பாயிண்ட் நடுவே விட்டு உருவினோம். தாளில் கறுப்பாகக் கோடு விழுந்தது. மூணாவது இழுப்பில் பிடித்தது. சித்தப்பா அன்றைக்கு முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை.

இடிந்தகரை மாப்பிள்ளை:
உப்புத் தண்ணீரில் கரண்ட் போகாதா? அண்ணாச்சி, கரண்ட் இருக்கும்போது ஈரக்கையோடு பிளக் ஒயரைப் பிடித்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம். (பிடித்துவிடாதீர்கள்.)

எனக்குக் கரண்ட் நன்றாகவே வந்தது, அதுதான் கொடுமை. பெட்ரோலும் வந்தது. மூணு ஜோடி பிளக் மாற்றினேன். ஒரு இழுப்பில் இஞ்சின் திருப்பி அடித்து, கைப்பிடியைப் பிடுங்கிக்கொண்டு போனது. மணிக்கட்டு பத்து நாள் வீங்கிக் கிடந்தது. மேக்னெட்டைக் கழற்றியபோதுதான் தெரிந்தது, நட்டு தளர்ந்து, உள்ளே அதை நகராமல் பிடித்திருக்கும் சின்னச் சாவி பாதி அறுந்திருந்தது. மேக்னெட் இடம் மாறினால் கரண்ட் வரும், ஆனால் வர வேண்டிய நேரத்தில் வராது. முந்தின மாதம் மேக்னெட்டைக் கழற்றி மாட்டிய மெக்கானிக்கிடம் கேட்டால் சிரிக்கிறார்.

கரையில் இருப்பவன்:
நான் ஒரே ஒருமுறை கடலில் மாட்டிக்கொண்டேன், பிளக் நனைந்திருந்தது, துடைத்தேன், வந்தேன். ஆனால் எல்லோருக்கும் சில விஷயம் சொல்ல வேண்டும். கரண்ட் பார்க்கும்போது பிளக் உலோகத்தைத் தொட்டிருக்க வேண்டும், அந்தரத்தில் விட்டு இழுத்தால் காயில் போய்விடும். பக்கத்தில் பெட்ரோல் கேன் திறந்து கிடக்கக் கூடாது, பிளக் ஓட்டை வழியாகவும் ஆவி வரும், அதனால் பிளக்கை ஓட்டையிலிருந்து தள்ளி வையுங்கள். மண்ணெண்ணெயில் ஓடும் இஞ்சினைக் கரைக்கு வருமுன் பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். கார்பரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கினால் மறுநாள் ஆறிய இஞ்சின் பிடிக்காது, பிளக்தான் நனையும், நீங்கள் கரண்ட் இல்லை என்று காயிலை மாற்றுவீர்கள். மூடியைத் திறந்து கடல் தண்ணீர் தெறித்த இடங்களை நல்ல தண்ணீர்த் துணியால் துடையுங்கள். ஒயர் முனைகளில் கிரீஸ் தடவுங்கள். பிறகு பிளக் இடைவெளி...

இடிந்தகரை மாப்பிள்ளை:
அண்ணாச்சி, யாரும் கேட்கவில்லையே.

கூத்தங்குழி பழைய ஆள்:
அது இருக்கட்டும். உவரித் தம்பி, ஒயரைப் பிரித்த பிறகு இஞ்சினை எப்படி நிறுத்தினீர்கள்?

உவரிக்காரன்:
சோக்கை இழுத்து மூச்சுமுட்ட வைத்துத்தான். ஆனால் எனக்கு உறுத்துவது அது இல்லை. மச்சான் பின்னால் நின்று ஓட்டினான், அலை தூக்கித் தூக்கிப் போட்டது. விழுந்தால் இஞ்சின் நிற்கட்டும் என்று அந்தச் சிவப்புக் கிளிப்பின் கயிற்றை அவன் மணிக்கட்டில் நானே இறுக்கிக் கட்டினேன். கரை வரும் வரைக்கும் அது எதையும் நிறுத்தாது என்று ரெண்டு பேருக்கும் உறைக்கவில்லை.