பழைய நேரம் பன்னிரண்டரைக்குத் தொடங்கிய இறுதியாட்டம்

இலங்கையின் வடக்கில், வன்னியில் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் பார்த்த கதைகளை எழுதச் சொல்லியிருந்தீர்கள். என்னுடையது பார்த்த கதை இல்லை, கேட்ட கதை.

1998 ஜூலை 12. வன்னியில் ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை நடந்துகொண்டிருந்த காலம். இடம்பெயர்ந்து புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு கொட்டிலில் இருந்தோம். கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை. பிரான்சுக்கும் பிரேசிலுக்கும் இறுதியாட்டம். பிரான்சில் இரவு ஒன்பது மணி ஆட்டம் கொழும்புக்கு நடுச்சாமம் ஒரு மணி, எங்களுக்குப் பன்னிரண்டரை. 1996இல் கொழும்பு மணிக்கூட்டை மாற்றியபோது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றுவிட்டது, தெரியும்தானே.

சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவைப் பின்சில்லில் முட்டவைத்து, அதிலிருந்து றேடியோவுக்கு வயர். பெடலைக் கையால் சுற்றவேண்டும். வேகம் குறைந்தால் வர்ணனையாளருக்குத் தொண்டை அடைக்கும். நின்றால் ஆளே போய்விடுவார். பக்கத்துக் கொட்டில் மாஸ்ரர் ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் சொன்னார். ரொனால்டோவின் பெயர் முதல் பட்டியலில் இல்லையாம், பிறகுதான் சேர்த்தார்களாம். பிரேசில் பக்கம் நின்ற எங்களுக்கு அப்போதே வயிறு கலங்கிவிட்டது.

27ஆவது நிமிடம் கோனர் உதையில் வந்த பந்தைப் பிரான்சின் சிடான் தலையால் ஒன்று. இடைவேளை கிட்ட வரும்போது என் முறை. ஆத்திரத்தில் வேகமாகச் சுற்றினேன், செயின் கழன்றது. கிறீஸ் கையோடு மாட்டி முடிக்க 2-0. அதுவும் சிடான், அதுவும் கோனர், அதுவும் தலை. அப்பா ஒன்றும் பேசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இடைவேளையில் மாஸ்ரர் பழைய கதை எடுத்தார். 1930இல் உருகுவேயில் முதல் கிண்ணம், 13 நாடுகள்தான். இறுதியாட்டத்தில் யாருடைய பந்து என்று இழுபறி வந்து, பாதிக்கொரு பந்து. ஆர்ஜென்ரீனாவின் பந்தில் ஆர்ஜென்ரீனா 2-1 முன்னிலை, உருகுவேயின் பந்துக்குப் பிறகு உருகுவே 4-2. 1942, 1946 இரண்டும் போரால் நடக்கவில்லை என்றார்.

தம்பி விடவில்லை. "அப்ப 38க்குப் பிறகு 50 மட்டும் ஒருத்தரும் பந்தடிக்கேல்லையா சேர்?"

"அடிச்சிருப்பாங்கள். கிண்ணம்தான் இல்லை."

கடைசியில் பெற்றீ ஒன்று போட்டு 3-0. நித்திரையில் பாதிப்பேருக்கு அது தெரியாது.

மல்லாவியிலிருந்து ஒருவர்:
எனக்கு 2002. ஏப்ரலில் யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி திறந்த கையோடு ஊருக்குள் ரீவி வந்தது. செனகல் 1-0 என்று பிரான்சை விழுத்தியபோது ஜெனரேற்றர் சத்தத்தையும் மீறிக் கத்தினோம். இறுதியாட்டம் பழைய நேரம் நாலரைக்கு, பகல் வெளிச்சத்தில். ஜேர்மனியின் கோல் காப்பாளர் ஒலிவர் கான் கையிலிருந்து நழுவிய பந்தை ரொனால்டோ தட்டிப் போட்டதை இந்தக் கண்ணால் பார்த்தேன். அடுத்த கிழமை ஊர்ப் பெடியள் பாதிப்பேருக்கு ரொனால்டோ மாதிரி முன்நெற்றியில் மட்டும் தலைமயிர்.

கிளிநொச்சியிலிருந்து ஒருவர்:
2010. மீளக் குடியேறித் தறப்பாளுக்குக் கீழே இருந்த நேரம். 2006இல் கொழும்பும் பழைய நேரத்துக்கே வந்துவிட்டதால் மணிக்கணக்குச் சண்டை இல்லை. கானா-உருகுவே ஆட்டம் சரியாக நடுச்சாமம், கடையொன்றின் சின்ன ரீவியில். கோல் வாசலில் உருகுவேயின் சுவாரஸ் பந்தைக் கையால் தடுத்தார், கானாவின் கியான் அடித்த பெனால்டி மேல்கம்பத்தில் பட்டுப் போனது. கடைக்காரர் ரீவியை நிறுத்தியேவிட்டார். பெனால்டிச் சூட்டை நாங்கள் பார்க்கவில்லை.

முதலில் எழுதியவர்:
நான் தவறவிட்ட அந்த இரண்டாவது கோலைப் பல வருசம் கழித்து யூடியூபில் பார்த்தேன். ஜோர்கேவ் இடப்பக்கமிருந்து கோனர் அடிக்கிறார், சிடான் குனிந்து முட்டுகிறார். என் மனதில் இருந்த சிடானுக்கு நல்ல அடர்த்தியான சுருட்டை முடி. பார்த்தால் உச்சியில் வழுக்கை.