கீமோ முடிந்ததும் அக்குள் முடிச்சு என்ன ஆனது? அனுபவங்களைப் பகிருங்கள்

ஈரோடு, 46 வயது

சென்ற ஆடியில் இடது மார்பில் கட்டி தெரிந்தது. அக்குளில் சுண்டைக்காய் அளவில் ஒரு நிணநீர் முடிச்சு. ஊசிச் சோதனையில் அதிலும் புற்றணுக்கள் இருந்தன. ஹெர்2 என்ற புரதம் அளவுக்கு மீறி இருக்கும் ஹெர்2 பாசிட்டிவ் வகை. "முதலில் கீமோ, பிறகு அறுவை" என்றார் மருத்துவர். கட்டியை உடம்பிலேயே வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் எப்படி இருப்பது என்று என் மாமியார் அழுதுவிட்டார். எனக்கும் அதே பயம்தான். அறுவை முன்னால் நடந்தாலும் பின்னால் நடந்தாலும் ஆயுளில் வித்தியாசமில்லை என்பதை 1988-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஆய்வு காட்டிவிட்டது என்று மருத்துவர் விளக்கினார். மருந்து முடிச்சைக் கரைத்துவிட்டால் அக்குள் முழுவதையும் சுரண்டி எடுக்காமல் தப்பிக்கலாம் என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் சம்மதித்தேன்.

முதல் தவணைக்கு முன்பே அந்த முடிச்சுக்குள் அரிசியை விடச் சிறிய கிளிப் ஒன்றை வைத்தார்கள். மருந்தில் முடிச்சு சுருங்கிய பிறகு நோய் இருந்தது எது, இல்லாதது எது என்று அடையாளம் தெரியாமல் போய்விடுமாம்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக ஆறு தவணை. இரண்டாவது முடிந்த பிறகு ஒருநாள் குளிக்கும்போது அக்குளில் கைவைத்துப் பார்த்தேன். எதுவும் தட்டுப்படவில்லை. ஈரத்தலையோடு ஓடிவந்து கணவரிடம் சொன்னேன். மருத்துவர் மட்டும் மகிழ்ச்சியைக் காட்டிக்கொள்ளவில்லை. "கைக்குத் தெரியாவிட்டாலும், ஸ்கேனில் தெரியாவிட்டாலும், உள்ளே கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் முடிவு" என்றார்.

அறுவையின்போது நீலச்சாயம் செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் முடிச்சுகளை (காவல் முடிச்சுகள் என்பார்கள்) அடையாளம் கண்டு, கிளிப் வைத்த முடிச்சோடு சேர்த்து நான்கை எடுத்தார்கள். மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போனது. சாயத்தால்தான், பயப்பட வேண்டாம். பயாப்சி முடிவு வரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. நான்கிலும் புற்றணுக்கள் இல்லை. கிளிப் இருந்த முடிச்சில் மட்டும் தழும்பு. நோய் அங்கே இருந்து அழிந்ததன் தடம் அது என்றார்கள். அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கே இல்லை.

திருநெல்வேலி, 52 வயது

தங்கை, படித்ததும் மனம் நிறைந்தது. என் கதை வேறு. என்னுடையது ஹார்மோனால் வளரும் ஹார்மோன் பாசிட்டிவ் வகை. சிவப்பு நிறக் கீமோ மருந்து நான்கு தவணை, அதன்பின் வாராவாரம் பன்னிரண்டு ஊசி. கடைசி ஸ்கேனில் அக்குள் இயல்பாக இருப்பதாக எழுதியிருந்தார்கள். அறுவைக்குப் பின் வந்த பயாப்சி முடிவில் பதினான்கு முடிச்சுகளில் மூன்றில் நோய். ஐந்து மாதம் முடியும் நகமும் இழந்தது வீணா என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை.

ஹார்மோன் வகையில் முடிச்சுகள் முழுவதும் சுத்தமாவது ஹெர்2 வகையையும், ஹார்மோன் ஏற்பியும் ஹெர்2-ம் இல்லாத டிரிபிள் நெகட்டிவ் வகையையும்விடக் குறைவு என்பதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவ்வளவு உடைந்திருக்க மாட்டேன். எங்களுக்கு ஆண்டுக்கணக்கில் எடுக்கும் மாத்திரைதான் பெரிய காவல். ரேடியேஷன் முடிந்து இப்போது மாத்திரையில் இருக்கிறேன். அக்குள் முடிச்சுகளை எடுத்ததில் கையில் லேசான வீக்கம் உண்டு. தினமும் அமுக்க உறை போட்டுக்கொள்கிறேன். முடிவில் பூஜ்யம் வராத சகோதரிகளும் இங்கே எழுதுங்கள்.

திருச்சி, அம்மாவுக்காக மகள்

கிளிப் பற்றி எழுதியதைப் படித்ததும் நெஞ்சு அடைத்தது. அம்மாவுக்கு டிரிபிள் நெகட்டிவ். முதலில் பார்த்த மருத்துவமனையில் கிளிப் வைக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. கீமோ முடிந்து வேறு அறுவை மருத்துவரிடம் போனோம். நோய் இருந்த முடிச்சு எது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கிளிப் இல்லாமல் சாயத்தை மட்டும் நம்பினால் மிச்சமுள்ள நோய் தப்பிவிடக்கூடும் என்றார். 2013-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், முடிச்சில் நோய் மிஞ்சியிருந்த பெண்களில் 12.6 சதவீதத்தினருக்குக் காவல் முடிச்சுச் சோதனை தவறாக "இல்லை" என்று காட்டியதாம். குறைந்தது மூன்று காவல் முடிச்சுகளாவது கிடைக்க வேண்டும் என்று தேடினார், இரண்டுதான் கிடைத்தன. அதனால் அக்குள் முழுவதையும் எடுத்தார்கள். மொத்தம் பதினாறு முடிச்சுகள். பதினாறிலும் நோய் இல்லை.

நல்ல செய்திதான். ஆனாலும் அது அம்மா கோலம் போடும் வலது கை. இப்போது பத்துப் புள்ளிக்கு மேல் வைத்தால் கனத்துப்போகிறது. கீமோ தொடங்கும் முன் "கிளிப் வைத்தீர்களா?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். யாருக்கு இந்தச் சிகிச்சை தொடங்கினாலும் முதல் ஊசிக்கு முன் அதைக் கேளுங்கள்.

ஈரோடு

திருச்சித் தங்கைக்கு: எனக்கும் அது தானாகத் தெரிந்ததல்ல, மருத்துவர் சொன்னதுதான். உங்கள் மேல் தவறில்லை. அம்மாவின் கை வீக்கத்துக்கு அந்தப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரைச் சீக்கிரம் பாருங்கள். தொடக்கத்தில் கட்டுப்படுத்துவது எளிது.

திருநெல்வேலி அக்கா, ரேடியேஷன் முடிந்த பிறகு உங்கள் கை வீக்கம் கூடியதா? எனக்கு மார்புக்கு மட்டும் கொடுக்கிறார்கள். முடிச்சுகள் சுத்தமானவர்களுக்கு அக்குள், கழுத்துப் பகுதிக்கும் கொடுப்பதால் ஐந்தாண்டில் கூடுதல் பலன் இல்லை என்று 2023 டிசம்பரில் வந்த ஆய்வு முடிவைக் காட்டி அந்தப் பகுதியை விட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை தொடங்குகிறது.