பாகம் பொருந்தினால் போதுமா? பந்திங் வட்டாரத்து விமானப் பராமரிப்பாளர்களின் அனுபவங்கள்

பிட்டர் மகன் (ஓய்வு பெற்றவர், பந்திங்)

என் அப்பா மலேசியாவில் பந்திங் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் செம்பனை ஆலையில் பிட்டராக, அதாவது இயந்திரங்களைப் பழுது பார்ப்பவராக, இருந்தார். நள்ளிரவில் ஆலை நின்றுவிட்டால் எங்கள் லயத்துக் கதவைத்தான் தட்டுவார்கள். கிடங்கில் புதுச் சாமான் இருக்காது. கிள்ளானிலிருந்து வர இரண்டு நாளாகும். அப்பா பழைய பேரிங் ஒன்றைக் கழுவி எடுப்பார், லேத்தில் ஒரு புஷ் கடைவார், விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு முன் ஆலையை ஓட வைத்துவிடுவார். அந்தக் கைத்திறனால்தான் தோட்டத்தில் எங்கள் குடும்பத்துக்கு மரியாதை.

1989இல் சுபாங்கில் விமான இயந்திரப் பிரிவில் பயிற்சியாளனாகச் சேர்ந்தபோது அந்தப் பெருமையையும் கூடவே எடுத்துப்போனேன். அடுத்த ஆண்டு, இயந்திரத்தின் சூடான பின்பகுதியில் ஒரு குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பின் போல்ட்டில் மரை தேய்ந்திருந்தது. மேசைத் தட்டில் அதே தடிமனில், அதே நீளத்தில் ஒன்று கிடந்தது. எடுத்துப் போட்டேன். தடையே இல்லாமல் சுழன்று இறங்கியது.

எங்கள் தலைமைத் தொழில்நுட்பர் ஈப்போக்காரர், அதிகம் பேசாதவர். பின்னால் வந்து நின்று, "தம்பி, இதன் பாக எண் என்ன?" என்று கேட்டார்.

"சரியாகப் பொருந்துகிறது, ஐயா."

"நான் அதைக் கேட்கவில்லை."

கழற்றச் சொன்னார். பாகங்களின் படப் பட்டியலைத் திறந்து வரிக்கு வரி விரல் வைத்துப் படிக்கச் சொன்னார். அந்த இடத்துக்குரியது வெப்பம் தாங்கும் எஃகு. நான் போட்டது காட்மியம் என்ற உலோகம் பூசியது. காட்மியம் பூசிய போல்ட்டை ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறும் இடத்தில் பயன்படுத்தக் கூடாது. பூச்சே எஃகுக்குள் இறங்கி அதை நொறுங்கும் தன்மையுள்ளதாக்கிவிடும். கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

அதே 1990 ஜூன் 10ஆம் தேதி இங்கிலாந்தில் நடந்ததை அவர் பிறகு சொன்னார். பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்றின் முன்கண்ணாடி வானில் பெயர்ந்து பறந்தது. விமானி இடுப்பு வரை வெளியே இழுக்கப்பட்டார். பணியாளர்கள் காலைப் பிடித்துக்கொண்டதால் பிழைத்தார். விமானம் கிளம்ப ஏறத்தாழ 27 மணி நேரத்துக்கு முன் கண்ணாடியை மாற்றியவர் அனுபவசாலி. கழற்றிய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணால் ஒப்பிட்டுப் புதியவற்றை எடுத்திருக்கிறார். 90 போல்ட்டுகளில் 84 விட்டத்தில் சிறியவை, மீதி 6 நீளத்தில் குறைந்தவை.

உங்களில் பலர் இன்று செப்பாங்கிலும் சுபாங்கிலும் வேலை செய்கிறீர்கள். பழுதான பாகத்தை மாற்றும்போது உங்களைத் தடுத்து நிறுத்திய விதி எது? நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

கிடங்குக்காரி (செப்பாங்)

நான் உதிரிபாகக் கிடங்கில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். ஸ்பானரைத் தொட்டதில்லை. ஆனால் எந்தப் பாகம் ஸ்பானர் பிடிப்பவர் கைக்குப் போகலாம் என்பதை முதலில் முடிவு செய்வது எங்கள் மேசைதான்.

ஒரு நாள் பெட்டி ஒன்று வந்தது. உள்ளே பாகம் பளபளவென்று இருந்தது. கூட வந்த சான்றிதழ் நகலெடுத்ததற்கு நகல்; வரிசை எண்ணின் கடைசி இலக்கம் 3ஆ 8ஆ என்று சொல்ல முடியவில்லை. விமானம் தரையில் நிற்கிறது. மேலதிகாரி மூன்று முறை வந்து கேட்டார். அனுப்பிய நிறுவனம் மூலச் சான்றிதழை அனுப்புகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. நான் பெட்டியைப் பூட்டுக் கூண்டில் வைத்தேன். அன்று இரவு முழுதும் எல்லார் கோபத்தையும் நான் வாங்கிக்கொண்டேன். வேறு இடத்திலிருந்து முறையான ஆவணத்தோடு ஒன்று வந்த பிறகே விமானம் கிளம்பியது. முதல் பெட்டிக்குரிய மூலச் சான்றிதழ் வரவே இல்லை.

2023இல் லண்டனில் பதிவான வணிக நிறுவனம் ஒன்று போலி ஆவணங்களோடு பாகங்களை விற்றது வெளிவந்ததே, நினைவிருக்கிறதா? பழைய 737, ஏ320 விமானங்களில் பறக்கும் சிஎஃப்எம்56 இயந்திரங்களுக்கான பாகங்கள். பல நாடுகளில் நிறுவனங்கள் இயந்திரங்களை இறக்கி அந்தப் பாகங்களைத் தேடி எடுத்தன. ஒவ்வொன்றும் கெட்டது என்று யாரும் நிரூபிக்கவில்லை, நிரூபிக்கத் தேவையும் இல்லை. ஒரு பாகம் எங்கே பிறந்தது, எங்கே இருந்தது என்று தெரியாமல் போனாலே அதைக் கழற்ற வேண்டும்.

டர்பைன் டிஸ்க் (இயந்திரத்துக்குள் பிளேடுகளைத் தாங்கிச் சுழலும் வட்டு) போன்றவற்றுக்கு ஆயுள் எண்ணிக்கை உண்டு. ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு சுற்று. அந்தக் கணக்கு பாகத்தின் வரிசை எண்ணோடு சேர்ந்து அது போகுமிடமெல்லாம் போகும். கணக்கு தொலைந்தால் டிஸ்க் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கழிவுதான். கழித்ததை அப்படியே குப்பையில் போடவும் கூடாது. யாரும் எடுத்து மெருகேற்றி விற்காதபடி அறுத்துச் சிதைக்க வேண்டும். மிஞ்சிய சோற்றைத் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் தின்ற வீட்டில் வளர்ந்தவள் நான். முதல் முறை அந்த அறுக்கும் சத்தத்தைக் கேட்டபோது வயிறு கலங்கியது. இப்போது அந்தச் சத்தம் கேட்காவிட்டால்தான் கலக்கம்.

இரவு ஷிப்ட் தம்பி

அக்கா எழுதியதைப் படித்ததும் என் அனுபவம் ஒன்று நினைவுக்கு வந்தது. தைப்பூசத்துக்கு முந்தின இரவு. பத்துமலைக்குப் பாலும் காவடியுமாக வீட்டார் காத்திருக்கிறார்கள். இரண்டு இயந்திரங்களிலும் எண்ணெயில் உலோகத் துகள் பிடிக்கும் காந்தக் கருவியைச் சோதித்து மாட்ட வேண்டும். ஒன்றை முடித்துவிட்டு மற்றதற்கு நகர்ந்தேன். மேற்பார்வையாளர் தடுத்தார். அவர் மலாய்க்காரர், நாங்கள் பாக் சிக் (மாமா) என்று அழைப்போம். "அதை வேறொருவர் செய்யட்டும்" என்றார். என்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டுவிட்டேன். வருத்தத்தில் குரல் உயர்ந்துவிட்டது.

அவர் உட்கார வைத்துச் சொன்னார். 1983 மே 5, மயாமியிலிருந்து பகாமாஸுக்குக் கிளம்பிய ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம், 172 பேர். முந்தைய இரவில் மூன்று இயந்திரங்களிலும் இதே கருவியை மாற்றியிருக்கிறார்கள், மூன்றிலும் ரப்பர் வளையம் போடாமல். வழக்கமாக வளையத்தோடேயே தயாராக இருக்கும். அன்று கிடங்கிலிருந்து வந்தவற்றில் அது இல்லை, யாரும் பார்க்கவில்லை. எண்ணெய் ஒழுகி, ஒன்றன்பின் ஒன்றாக மூன்றும் நின்றன. முதலில் தாங்களே அணைத்திருந்த இயந்திரத்தை மறுபடி உயிர்ப்பித்து மயாமிக்குத் திரும்பினார்கள். எல்லாரும் பிழைத்தார்கள். ஒரே கை ஒரே தவறை எல்லா இயந்திரங்களிலும் செய்யும் என்பதால்தான் இன்று கைகளைப் பிரிக்கிறார்கள்.

என் பாட்டி பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். அவரிடம் இதைச் சொன்னபோது, "நாங்கள் வெட்டின ரப்பரா அது?" என்று கேட்டார். இல்லை பாட்டி, எண்ணெய் பட்டால் மரத்து ரப்பர் உப்பிவிடும், இது செயற்கை ரப்பர் என்றேன். பொட்டலத்தின் மேல் அது எந்த ஆண்டு, எந்தக் காலாண்டில் தயாரானது என்றுகூட அச்சிட்டிருக்கும். காலம் கடந்ததைப் போடக் கூடாது. பாட்டிக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அவர் எடுத்த ரப்பர் பாலுக்கும் அன்றன்றே கணக்கெழுதினார்கள் அல்லவா.

ஒலி அலை ஆய்வாளர்

என் வேலை கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைத் தேடுவது. 2018 ஏப்ரல் 17 அன்று அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் 737 ஒன்றின் இயந்திர விசிறி பிளேடு வானில் ஒடிந்தது. ஜன்னல் உடைந்து ஒரு பயணி இறந்தார். பிளேடின் அடிப்பகுதியில், டிஸ்க் பள்ளத்தில் செருகியிருக்கும் இடத்தில், உலோகச் சோர்வு வெடிப்பு மெல்ல மெல்ல வளர்ந்திருந்தது. மூன்று நாளில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்திடமிருந்து அவசர ஆணை வந்தது: 30,000 சுற்றுகளுக்கு மேல் கண்ட பிளேடுகளை 20 நாட்களுக்குள் ஒலி அலையால் சோதிக்க வேண்டும். இயந்திரத்தை வடிவமைத்த நாட்டின் ஆணை இங்கே நமக்கும் ஆணைதான். தயாரிப்பாளர் அனுப்பும் அறிவிப்பில் பல வெறும் பரிந்துரையாக இருக்கும்; ஆணையைத் தள்ளிப்போட யாருக்கும் உரிமையில்லை.

இன்னொரு ஆண்டு, வேறு வகை இயந்திரத்தில், ஒரு பிளேடில் திரையில் சின்னதாக ஒரு முள் எழுந்தது. துடைத்தேன், ஜெல் மாற்றித் தடவினேன், கருவியை மாதிரித் துண்டில் வைத்து மறுபடி அளவு சரிபார்த்தேன். முள் அதே இடத்தில் எழுந்தது. பக்கத்திலிருந்த மூத்தவர் வெளிச்சம் போட்டுப் பார்த்துவிட்டு, "கண்ணாடி மாதிரி இருக்கிறது, விட்டுவிடலாம்" என்றார். பயன்படுத்தக் கூடாது என்று சொல்லும் சிவப்புச் சீட்டைக் கட்டினேன். அவர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அந்த ஒரு மாதமும் எனக்குத் தூக்கம் நன்றாகத்தான் வந்தது.

லோரிப் பட்டறை உரிமையாளர் (பந்திங்)

பிட்டர் மகன் அண்ணே, மனதில் பட்டதைச் சொல்கிறேன். எங்களைப் போன்றவர்களின் கைவேலையை நீங்கள் எல்லாரும் கொஞ்சம் கீழே வைத்துப் பேசுவது போலிருக்கிறது. 30 ஆண்டாகத் தோட்டத்து லோரிகளை ஓட வைத்தது அந்தக் கைதான். அசல் சாமான், புதுச் சாமான் என்று போட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா?

பிட்டர் மகன்

தம்பி, கீழே வைக்கவில்லை. அந்தக் கையில் சோறு தின்று வளர்ந்தவன் நான். நீங்கள் கேட்டது சரியான கேள்வி. அசல் சாமான் மட்டும் போதாது என்பதற்குக் கனடாவின் ஏர் டிரான்சாட் நிறுவன விமானத்தைவிட நல்ல சாட்சி இல்லை.

2001 ஆகஸ்ட் 24. டொரான்டோவிலிருந்து லிஸ்பனுக்கு ஏ330 விமானம், 306 பேர். சில நாளுக்கு முன் வலது இயந்திரத்தை இறக்கி வேறொன்றை ஏற்றியிருந்தார்கள். ஏற்றியது பழைய அமைப்பிலான இயந்திரம். அதில் ஹைட்ராலிக் பம்ப் இல்லாததால், இறக்கிய இயந்திரத்தின் புதுவகைப் பம்ப்பைக் கழற்றி இதில் மாட்டினார்கள். பம்ப் அசல், எரிபொருள் குழாய் அசல், இயந்திரமும் அசல். ஆனால் புதுவகைப் பம்ப் போட்டால் குழாய்களையும் மாற்ற வேண்டும் என்று தயாரிப்பாளரின் அறிவிப்பு இருந்தது. பழைய எரிபொருள் குழாய் அப்படியே இருந்தது. அந்தக் குழாயும் பம்ப்பின் ஹைட்ராலிக் குழாயும் உரசும் போலிருந்ததைத் தொழில்நுட்பர் கவனித்தார். அறிவிப்பைத் தேடினார், கணினி வலையமைப்பில் அது திறக்கவில்லை. தொலைபேசியில் பேசி, ஹைட்ராலிக் குழாயைக் கையால் சற்று விலக்கிப் பிடித்து இறுக்கி, வேலையை முடித்தார்கள். அழுத்தம் ஏறியதும் ஹைட்ராலிக் குழாய் தன் பழைய நிலைக்குத் திரும்பி, எரிபொருள் குழாயில் உரசி உரசி அதை வெடிக்க வைத்தது. அட்லாண்டிக் மேலே எரிபொருள் முழுதும் ஒழுகி இரண்டு இயந்திரங்களும் நின்றன. ஏறத்தாழ 19 நிமிடம் சறுக்கி, அசோர்ஸ் தீவுகளில் ஒன்றில் இறங்கினார்கள். ஒருவரும் சாகவில்லை.

அந்தத் தொழில்நுட்பரின் கை நல்ல கை. சந்தேகம் வந்த கை. திறக்காத ஒரு காகிதத்துக்காக விமானத்தை நிறுத்தும் அதிகாரத்தை அன்று யாராவது அவருக்கு உறுதியாகக் கொடுத்திருக்க வேண்டும். நான் குறை சொல்வது கையை அல்ல, தம்பி. உங்கள் பட்டறையில் சந்தேகம் வந்தால் நீங்களே லோரியை நிறுத்திவிடுவீர்கள், யாரையும் கேட்க வேண்டாம். அது உங்களுக்கு வாய்த்த பலம்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை

நான் இந்தத் துறையில் இல்லாதவள். ஆனாலும் எழுதத் தோன்றுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் திருச்சியில் என் சித்தப்பா தவறிவிட்டார். கிடைத்த விமானத்தில் டிக்கெட் எடுத்துப் போனால், இயந்திரத்தில் ஒரு வால்வை மாற்ற வேண்டும் என்று ஏழு மணி நேரம் உட்கார வைத்தார்கள். சீருடையில் வந்த ஒருவர், "பாகம் வந்துவிட்டது அம்மா, அதற்குரிய காகிதம்தான் வரவில்லை" என்றார். நான் எல்லார் முன்னும் சத்தம் போட்டேன். ஒரு காகிதத்துக்காகச் சித்தப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போக வேண்டுமா என்று கேட்டேன். தகனத்துக்குப் பிறகு நடக்கும் பால் தெளிச் சடங்குக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். அந்தக் காகிதத்தில் அப்படி என்னதான் இருக்கும்?

கிடங்குக்காரி

டீச்சர், அந்த இழப்பைச் சமன் செய்யும் பதில் என்னிடம் இல்லை. காகிதத்தில் இருப்பதைச் சொல்கிறேன். பாக எண், வரிசை எண், புதியதா பழுது பார்த்ததா, எந்த முறைப்படி பார்த்தார்கள், எந்த அனுமதியின் கீழ் யார் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டார். சில பழுதுகளோடு குறித்த நாட்கள் வரை பறக்கலாம் என்று அனுமதிக்கும் பட்டியல் ஒன்று உண்டு. அதில் இடமிருந்தால் உங்களைக் காக்க வைத்திருக்க மாட்டார்கள். அன்று உங்களிடம் பேசிய அந்த மனிதரும் உள்ளே வந்து யாரோ ஒருவரிடம் திட்டு வாங்கியிருப்பார். இருந்தும் காகிதம் இல்லாமல் ஏற்றச் சம்மதிக்கவில்லை.

பிட்டர் மகன்

டீச்சருக்கு ஒன்று. 1990இல் அந்த 84 போல்ட் கதையை வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தேன், வாசலில் செய்தித்தாளை விரித்து, எத்தனையோ ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த மைலோ டப்பாவைக் கவிழ்த்திருந்தார். தலையில் 8.8 என்று வலிமைத் தரம் பொறித்த போல்ட்டுகள் ஒரு பக்கம், எழுத்தே இல்லாதவை ஒரு பக்கம். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பி, "நீ எங்கிருந்து வந்தாய்?" என்று கேட்டுக்கொண்டே பிரித்துக்கொண்டிருந்தார்.