மறுமொழி: உதார் எதுவரை, போங்கு எதிலிருந்து? (போட்டி விதிகளுக்கான சொற்கள்)

அனைவருக்கும் வணக்கம்.

விதி வரைவைப் பற்றி வந்த மடல்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதில் இது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வரி: டெக்சஸ் ஹோல்டெம் போக்கர் என்ற சீட்டாட்டமும், குவளைக்குள் பகடையை மறைத்து வைத்துக்கொண்டு ஆடும் பொய்ப் பகடையும்தான் நம் போட்டியில் உள்ள ஆட்டங்கள். இரண்டும் இணையவழி. கட்டணம் கிடையாது, பரிசுத் தொகையும் கிடையாது.

முதலில், எல்லோரும் கை வைத்த ஏழாம் விதி.

> "எதிராளியை ஏமாற்றுபவர் போட்டியிலிருந்து நீக்கப்படுவார்" என்பதில் 'ஏமாற்று' இடிக்கிறது. 'மோசடி' என்று மாற்றினால் போதாதா?

பாதிக் கிணறுதான் தாண்டும். இப்போதிருக்கும் வாசகத்தின்படி முதல் சுற்றிலேயே மேசை காலியாகிவிடும். எதிராளியை ஏமாற்றத்தானே இந்த ஆட்டமே? 'மோசடி' என்று போட்டால் கூடாததற்குப் பெயர் கிடைத்துவிடும், ஆகலாம் என்பதற்குப் பெயர் இருக்காது. ஆகலாம் என்பதற்கும் பெயர் வைத்தால்தான் எல்லை எங்கே என்று விதியில் எழுத முடியும்.

மூன்று நிலைமைகளைப் பாருங்கள். கையில் ஒன்றுமே இல்லாதவர் நிறையக் காய்களை (பணயமாக வைக்கும் வில்லைகளை) நடுவில் தள்ளி வைக்கிறார். இன்னொருவர் மேசை அரட்டையில் "என்கிட்ட ரெண்டு ராஜா இருக்கு" என்று பொய்யாக எழுதுகிறார். மூன்றாமவர் அதே மேசையில் ஆடும் நண்பருக்கு வாட்ஸப்பில் "எனக்கு ரெண்டு ராஜா, நீ விலகிடு" என்று அனுப்புகிறார். அவரிடம் உண்மையிலேயே இரண்டு ராஜா இருக்கிறது. மூவரில் பொய்யே சொல்லாதவர் மூன்றாமவர்தான். நீக்கப்பட வேண்டியவரும் அவர்தான்.

அதனால் பொய்யா மெய்யா என்று பார்த்து இந்தக் கோட்டைப் போட முடியாது. மேசையில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிகிறதா என்பதுதான் அளவுகோல். எல்லோர் கண்ணுக்கும் படும்படி என் கையைப் பற்றி நான் எதைக் காட்டிக்கொண்டாலும் ஆட்டத்தில் சேர்த்தி. ஒருவருக்கு மட்டும் போய்ச் சேரும் சேதி, அது அட்சர சுத்தமான உண்மையானாலும், ஆட்டத்துக்கு வெளியே. நண்பரிடம் வேண்டுமென்றே தோற்று அவர் பக்கம் காய்களைக் குவிப்பதும் இதே கணக்குத்தான். உடன்பாடு அவர்கள் இருவருக்கு மட்டும் தெரியும்.

இந்த இரண்டையும் சென்னைத் தெரு என்றைக்கோ பிரித்து வைத்துவிட்டது. முதலாவது உதார், இரண்டாவது போங்கு. "சும்மா உதார் விடுறான்டா" என்று சொல்லும் பையன் சிரித்துக்கொண்டு சொல்வான், தொடர்ந்து ஆடுவான். "போங்காட்டம் ஆடுறான்" என்றால் மட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். விதிக்கு வேண்டிய வேறுபாடு இதுவேதான். எழுத்துத் தமிழில் தேடிப் பார்த்தேன்: வஞ்சனை, ஏமாற்று, சூழ்ச்சி, கபடம் எல்லாமே இரண்டு பக்கமும் சாய்கின்றன.

> விதிநூலில் கொச்சைச் சொல் எதற்கு? 'பாசாங்கு' நல்ல தமிழாக இருக்கிறதே.

ஐயா, பாசாங்கு எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் அது பெரும்பாலும் முகத்தோடு நின்றுவிடும். வயிற்றுவலி என்று பாசாங்கு செய்து பள்ளிக்கு மட்டம் போடலாம். அதில் எதையும் நடுவில் வைக்க வேண்டியதில்லை. உதார் விடுகிறவன் "வா பார்க்கலாம்" என்று எதையாவது முன்னால் வைத்துத்தான் விடுவான். பிடிபட்டால் நஷ்டம் அவனுக்கு. கொச்சை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளினால், நாம் எழுதும் சொல்லை ஆடுகிறவர் யாரும் வாய்விட்டுச் சொல்லப் போவதில்லை.

உதாரின் மேல் உள்ள சரியான எதிர்ப்பை அண்ணா நகர்த் தம்பி எழுப்பியிருக்கிறார்.

> உதார் என்றால் இல்லாததை இருப்பதாகக் காட்டுவது மட்டும்தான். இருப்பதை இல்லாததுபோல் காட்டினால்?

உண்மை. நான்கு ராஜா அமைந்தும் தயங்கித் தயங்கி மற்றவர்களைப் பின்தொடர்ந்து, கடைசியில் கழுத்தைப் பிடிப்பவர்கள் உண்டு. அதற்கு 'பம்மல்' என்று வைக்கலாம். "பம்மிக்கிட்டு இருக்கான், நம்பாதே" என்று சொல்கிறோமே, அதுதான். பல்லாவரத்துக்குப் பக்கத்துப் பம்மல் ஊரிலிருந்து எழுதும் அன்பர்கள் மன்னிக்க. உதார், பம்மல் இரண்டுக்கும் அனுமதி, போங்குக்கு நீக்கம். ஏழாம் விதி இவ்வளவுதான்.

ஒரு துணைவிதி மட்டும் வேண்டும். ஒரு கையில் இரண்டு பேருக்கு மேல் மிச்சமிருக்கும்போது, கவிழ்த்த சீட்டைப் பற்றி அரட்டையில் பேசக்கூடாது. "நான் கவிழ்த்தது ஆஸ்" என்று ஒருவர் போட்டால் எல்லோருக்கும் தெரிகிறதுதான். ஆனால் ஆட்டத்தில் இல்லாதவர் இருப்பவர்களின் கணக்கில் கை வைக்கிறார். அதை உதார் என்று ஏற்க முடியாது.

அடுத்து பொய்ப் பகடை. இங்கேதான் அதிகச் சிக்கல்.

ஆளுக்கு 5 பகடை. ஒருவர் மொத்த மேசையிலும் இந்த எண் இத்தனை இருக்கும் என்று கூறுவார். அடுத்தவர் அதைவிட உயர்த்திக் கூற வேண்டும், அல்லது நம்பவில்லை என்று குவளைகளைத் திறக்கச் சொல்ல வேண்டும். ஒத்திகையில் ஒருவர் "ஆறு மூணு" என்றார். ஆறு பகடையில் மூணா, மூணு பகடையில் ஆறா? அடுத்து ஆடியவர் ஒன்றாகவும், அதற்கு அடுத்தவர் வேறாகவும் எடுத்துக்கொண்டார்கள். ஆட்டம் நின்றது.

> தமிழிலேயே வழி இருக்கிறது. ஈராறு, மூவாறு, அறுமூன்று என்று பெருக்கற் சொற்களைப் பயன்படுத்தலாம். முதலில் வருவது எண்ணிக்கை, பின்னால் வருவது எண். முருகனுக்கு ஈராறு கை என்றால் யாருக்கும் குழப்பமில்லையே?

படித்ததும் துள்ளிக் குதித்தேன். மூவாறு என்றால் மூன்று ஆறுகள், அறுமூன்று என்றால் ஆறு மூன்றுகள். தலைகீழாகப் படிக்கவே வழியில்லை. ஆனால் பத்தில் போய் முட்டிக்கொள்கிறது. பத்து மூன்றுகள் பதின்மூன்று ஆகிவிடும். பத்து ஆறுகள் பதினாறு. அபூர்வமாக வரும் எண்ணிக்கை என்றால் விட்டுவிடலாம். ஆனால் 6 பேர் ஆடினால் மேசையில் 30 பகடை. ஒன்று விழுந்தால் அது எந்த எண்ணாகவும் கொள்ளப்படும் என்பதால், ஒவ்வொரு பகடையும் கேட்ட எண்ணுக்குப் பொருந்த 6-இல் 2 வாய்ப்பு. ஆக சராசரியாக 10 பகடை பொருந்தும். சண்டை நடப்பதே பத்தை ஒட்டித்தான். சரியாக அந்த இடத்தில் சொல் உடைகிறது.

என் முன்மொழிவு: எண்ணை முன்னால் வைத்து 'முகம்' என்று ஒட்டுவோம், எண்ணிக்கை பின்னால் வரட்டும். 'மூணுமுகம் பத்து', 'அஞ்சுமுகம் எட்டு'. எந்தத் தொகைக்கும் தாங்கும். 'ஆறுமுகம் ஏழு' என்று வரும்போது சிரிப்பு வரும், வரட்டுமே.

ஒன்றுக்கு 'ஒருமுகம்' வேண்டாம். தாயக்கட்டை உருட்டிய எல்லோருக்கும் அதன் பெயர் தெரியும்: தாயம். அங்கேயும் தாயம் விழாமல் காய் உள்ளே இறங்காது, இங்கேயும் அதற்குத் தனிச் சலுகை. தாயத்துக்கு மாறும்போது எண்ணிக்கை பாதியாகும். தாயத்திலிருந்து திரும்பும்போது இருமடங்கும் ஒன்றும். அதாவது 'மூணுமுகம் பத்து'க்குப் பிறகு 'தாயம் அஞ்சு' போதும். 'தாயம் அஞ்சு'க்குப் பிறகு வேறு முகம் கூறினால் குறைந்தது பதினொன்று. தாயத்தோடு சுற்றைத் தொடங்கக்கூடாது என்பதையும் விதியில் சேர்த்துவிட்டேன்.

கூறுவதற்கு 'ஆயம்' என்று மயிலாப்பூர் ஐயா சொன்னது பற்றி. குறள் 933-இல் 'உருளாயம் ஓவாது கூறின்' என்று வருகிறது, உண்மைதான். பகடையை உருட்டி ஆயம் கூறுவது அந்தக் காலத்திலேயே ஆட்டக்காரர் பேச்சு. ஆனால் இன்றைக்கு ஆயம் என்றால் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைதான் நினைவுக்கு வரும். குறளிலிருந்து 'கூறு' என்ற வினையை மட்டும் எடுத்துக்கொள்வோம்: கூறல், கூறியவர். (சூதாடாதே என்று சொல்லும் அதிகாரத்திலிருந்து சூதுக்குச் சொல் எடுக்கிறோம். வள்ளுவர் கோட்டம் பக்கம் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டியதுதான்.) நம்பாதவர் சொல்ல வேண்டியது 'திற'.

பேரகராதியில் பந்தயத்துக்கு 'ஒட்டம்' என்று இருப்பதைக் காட்டியவருக்கு நன்றி. கைப்பேசியில் விரல் கொஞ்சம் நழுவினால் 'ஓட்டம்' ஆகி, கிரிக்கெட் ஸ்கோர் ஆகிவிடும். வேண்டாம்.

போக்கருக்கு வருவோம். 'பிளைண்ட்' என்பதை அப்படியே வைத்தால் மூணு சீட்டு ஆடிப் பழகியவர்கள் தடுமாறுகிறார்கள். அவர்களுக்கு பிளைண்ட் என்றால் சீட்டைப் பார்க்காமல் ஆடுவது. பார்த்துவிட்டு ஆடுகிறவர் அதைப்போல் இருமடங்கு வைக்க வேண்டும். ஹோல்டெமிலோ சீட்டு போடும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாக வைப்பது அது. இதை 'முன்காய்' என்போம்: சின்ன முன்காய், பெரிய முன்காய்.

உயர்த்துவதில் தகராறு வந்தது வேற்றுமை உருபு இல்லாததால். "முந்நூறு ஏத்துறேன்" என்றால் இருப்பதற்கு மேல் முந்நூறா, மொத்தம் முந்நூறா? ஷேர் ஆட்டோவில் "அஞ்சு ரூபா ஏத்திட்டாங்க" என்றால் கூடுதல் அஞ்சு. "இருபதாக்கிட்டாங்க" என்றால் மொத்தம் இருபது. இதையே விதியாக்குவோம். 'ஏத்தம்' எப்போதும் கூடுதலைக் குறிக்கும், 'ஆக்கு' எப்போதும் மொத்தத்தைக் குறிக்கும். முன்காய் 50, 100 என்று இருக்கும்போது ஒருவர் 300 ஆக்கினால் ஏத்தம் 200. அடுத்தவர் ஏத்த விரும்பினால் குறைந்தது 500 ஆக்க வேண்டும். அவரிடம் மொத்தமே 400தான் இருந்து, அத்தனையையும் வைத்துவிட்டால் அது முழுப்பணயம், ஆனால் குறையேத்தம். அதனால் சுற்று மறுபடி திறக்காது. முதலில் 300 ஆக்கியவரிடம் முறை திரும்பி வரும்போது, இடையில் வேறு யாரும் முழு ஏத்தம் செய்யாவிட்டால், அவர் மீதி 100-ஐ ஈடுகட்டலாம் அல்லது விலகலாம், மேலே ஏத்தக்கூடாது. ஒத்திகையில் இதற்குத்தான் அரை மணி நேரம் சண்டை நடந்தது. சொல் தெளிவாக இருந்திருந்தால் முதல் நிமிடத்திலேயே முடிந்திருக்கும்.

நடுவில் சேரும் காய்களைப் 'பானை' என்று ஒருவர் எழுதியிருந்தார். பொங்கல் வைக்கப் போவதில்லையே! அது நடுத்தொகை. ஒருவர் முழுப்பணயம் வைத்த பிறகு மற்றவர்கள் தங்களுக்குள் தனியாகச் சேர்ப்பது கிளைத்தொகை. இதற்கு யாரும் மாற்றுச் சொல்லவில்லை, வைத்துக்கொள்கிறேன்.

> 'பணயம்', 'பந்தயம்' எல்லாம் இருந்தால் சட்டச் சிக்கல் வராதா? 'காய்' என்று மாற்றிவிட்டால் பாதுகாப்பு.

பெயரை மாற்றினால் பாதுகாப்பு வந்துவிடாது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு கொண்டுவந்த இணையவழி விளையாட்டுச் சட்டம், காசு கட்டிக் காசை எதிர்பார்த்து ஆடும் ஆட்டங்களைத் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் தடுக்கிறது. காசு கொடுத்து வாங்கக்கூடிய நாணயம், வில்லை எதுவானாலும், என்ன பெயரில் அழைத்தாலும், பணயம்தான் என்று அதன் வரையறையிலேயே இருக்கிறது. கலைச்சொல் ஆக்குகிறவர்கள் தப்பிவிடக்கூடாது என்றே எழுதினார்கள் போலிருக்கிறது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் வேறு தனியாக இருக்கிறது. ஆகவே நமக்கு வேண்டியது விதி: காய்களை யாரும் வாங்கவோ விற்கவோ முடியாது, ஆட்டம் முடிந்ததும் அழிந்துவிடும், வென்றவருக்குப் பட்டியலில் பெயர் மட்டும். இதை முதல் விதியாக மேலே ஏற்றிவிட்டேன். 'காய்' என்ற சொல்லும் இருக்கட்டும், அது நன்றாக இருக்கிறது என்பதற்காக.

கடைசியாக, விலகுவதற்கான சொல். நிரலர் தம்பி படத்தோடு அனுப்பியிருக்கிறார்: 'விலகுகிறேன்' கைப்பேசிப் பொத்தானில் 'விலகுகி' வரைதான் தெரிகிறது, மிச்சம் வெட்டுப்படுகிறது. 'கவிழ்' அடங்கும். 'ஜகா' இன்னும் நன்றாக அடங்கும். உதார் விட்டவனைப் பார்த்து ஒருவர் ஜகா வாங்கினார் என்பது படிக்கவும் இயல்பாக இருக்கிறது. ஆனால் திருநெல்வேலி, ஈரோட்டுப் பக்கத்திலிருந்தும் ஆட வருகிறார்கள். உதாரையும் போங்கையும் விதியில் விளக்கிவிடுகிறோம், பொத்தானுக்கு விளக்கம் போட இடமில்லை. அதனால் பொத்தானில் 'கவிழ்'. அரட்டையில் ஜகாவோ வேறெதுவோ அவரவர் விருப்பம்.

'சுற்றை ஏத்தாமல் அடுத்தவருக்கு விடுவது' என்பதற்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை. 'விடு' என்றால் விலகுவதோடு குழம்புகிறது, 'தட்டு' என்றால் திரையில் எதைத் தட்டுவது என்று கேட்கிறார்கள். நான்கு எழுத்துக்குள் ஏதாவது தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை பொத்தான்களை வரையத் தொடங்குகிறார்கள்.